நான்காம் மாடிக்குப் போன மக்கள் கருத்து

நகராட்சிக் கட்டடத்தின் லிஃப்ட் தானாக ஓடுகிற ரகம் இல்லை. ஒருவர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நகரும். பத்தொன்பது வருடங்களாக அந்த ஒருவர் நம் லிஃப்ட்காரர்தான். ஏறுகிறவர்கள் எதையாவது சொல்வார்கள், அவர் "ஆமாங்க" என்பார். வெயில் கொளுத்துகிறது என்றால் ஆமாங்க. மழை வரும்போல இருக்கிறது என்றால் அதற்கும் ஆமாங்க. நான்கு மாடி ஏறுவதற்குள் மறுத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? அதற்குள் அடுத்த ஆள் கீழே மணியை அழுத்திக்கொண்டிருப்பார்.

வீட்டில் பேச ஆள் கிடையாது. மனைவி பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடமாக நகராட்சி ஆஸ்பத்திரியில், நீண்டநாள் நோயாளிகள் வார்டில் கிடக்கிறாள். பேச்சு போய்விட்டது. தினமும் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் நேரே அங்கே போய், அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, ஏழு மணிக்கு எழுந்து வருவார். ஆபீசில் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆரம்பத்தில் சொல்லத்தான் செய்தார். ஒரு வாரம் எல்லோரும் விசாரித்தார்கள். இரண்டாவது வாரம் அவரைக் கண்டதும் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அந்த வார்டை மூடிவிடலாம் என்ற பேச்சுதான் இப்போது கிளம்பியிருந்தது. மூடினால், ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை மாற்றிவிடுவார்கள். அப்புறம் மாதத்துக்கு இரண்டு தடவை மனைவியைப் பார்க்க முடிந்தாலே பெரிய காரியம்.

முதலில் லிஃப்டில் ஏறியவர் நகராட்சித் தலைவர். கூடவே மூன்று மன்ற உறுப்பினர்கள், தலைவர் சிரித்தால் சிரிப்பதற்கென்றே வருகிறவர்கள்.

"அந்த வார்டு இன்னும் எதுக்குன்னு ஜனங்க கேக்கறாங்க. ஏம்ப்பா, நீ தினம் நூறு பேரப் பாக்கற ஆளு. அப்படித்தானே பேசிக்கறாங்க?" என்றார் தலைவர்.

"ஆமாங்க."

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்னது என்ன என்று மனசுக்கு உறைப்பதற்குள் நான்காம் மாடி வந்துவிட்டது. கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாலு பேர் முதுகைப் பார்த்துக்கொண்டு என்னத்தைத் திருத்துவது? எங்கள் தெருவிலேயே அதற்கு நெஞ்சழுத்தம் உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மறுநாள் மருந்துக்கடைக்கார உறுப்பினர் தனியாக வந்தார். "எனக்கு மனசே கேக்கல. எங்கக்கா கடைசி காலத்துல அந்த வார்டுலதான் இருந்தா. ஆனா ஜனங்க மூடத்தான் சொல்றாங்களாம், தலைவர் விசாரிச்சுட்டாராம். நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டீங்களா?"

தலைவர் வாயிலிருந்தே கேட்டதுதானே. "ஆமாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

அதற்கடுத்த நாள் டீச்சர். ஓய்வு பெற்றபின் தேர்தலில் நின்று ஜெயித்தவர். "எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்ல. ஆனா ஊரே ஒரு பக்கம் நிக்கறப்ப நான் மட்டும் எப்படி?" என்று கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் அதே பதில்தான். இப்படியே ஏழு பேர். தனியாக ஏறினால் வேண்டாம் என்பார்கள். கூட இன்னொருவர் ஏறிவிட்டால் மாடி எண்களை அண்ணாந்து பார்ப்பார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், கேட்டுக் கேட்டு லிஃப்ட்காரரே நம்பிவிட்டார். இத்தனை பெரிய மனிதர்கள் சொல்கிறார்கள், ஊர் அப்படித்தான் நினைக்கிறது போலிருக்கிறது என்று. நான் எழுதுவதை எல்லாம் நம்பாதீர்கள், இதை மட்டும் நம்புங்கள்: அந்த வாரத்தில் அவர் பட்ட தனிமை, மனைவி விழுந்த நாளில்கூடப் படாதது. ஊர் முழுக்க ஒரு பக்கம், இவரும் பேச்சில்லாத அவளும் இன்னொரு பக்கம்.

வார்டை மூடுவது பற்றிய மன்றக் கூட்டம் புதன்கிழமை மூன்று மணிக்கு. லிஃப்டை நான்காம் மாடியிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். எதிரே மன்றத்தின் கதவு திறந்தே இருந்தது.

"நான் சாதாரண மக்கள்கிட்ட நேர்ல கேட்டுட்டேன்" என்றார் தலைவர்.

"நானும் ஒரு தொழிலாளிகிட்ட கேட்டேன். அவரும் அதேதான் சொன்னார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தினமும் நூறு பேரோட பழகறவர் ஒருத்தர்..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

லிஃப்டுக்குள் தன் ஸ்டூலில் இருந்தபடியே லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் கேட்டார். தலைவர் கேட்ட மக்களும், மருந்துக்கடைக்காரரின் தொழிலாளியும், டீச்சரின் நூறு பேரும் இந்த ஸ்டூலில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்!

"பொதுமக்கள்ல யாராவது பேசறதா இருந்தா மூணு நிமிஷம்" என்று தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்து விதிப்படி சொன்னார்.

லிஃப்ட்காரர் எழுந்து உள்ளே போனார். பத்தொன்பது வருடத்தில் அந்த வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

"ஐயா, நீங்க எல்லாரும் கேட்ட ஆளு நான்தாங்க. வேற யாருமில்ல. எதைக் கேட்டாலும் ஆமாம்பேன், அது என் பழக்கதோஷம். என் வீட்டுக்காரி அந்த வார்டுலதான் மூணு வருஷமா இருக்கா. அத மூடாதீங்க. தனியா வர்றப்ப உங்கள்ல பல பேர் வேணாம்னுதான் சொன்னீங்க. யாருன்னு சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். டீச்சர் பேனா மூடியைத் தேடினார்.

தலைவர் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துத்தான் பேசினார். சபை என்பதால் மரியாதையும் கூடியது. "உங்க கஷ்டம் புரியுது. ஆனா இது உங்க தனிப்பட்ட கருத்து. அதையும் பதிவு பண்ணிக்கறோம். மக்கள் கருத்துன்னு ஒண்ணு இருக்குல்ல?"

எழுத்தர் ஒரு வரி எழுதிக்கொண்டார். ஆமாம் என்றபோது ஊராக இருந்த மனிதர், வேண்டாம் என்றதும் ஒற்றை ஆளாகிவிட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். சிரிக்கிற மூன்று பேரின் கைகள் முதலில் எழுந்தன. மற்றவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். டீச்சரின் கை காது வரைதான் வந்தது, ஆனால் வந்தது. தலைவரையும் சேர்த்துப் பதினொன்றுக்குப் பதினொன்று.

லிஃப்ட்காரர் வெளியே வந்து, இரும்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் ஏறவில்லை. எல்லோரும் படியில் இறங்கினார்கள். கடைசியாக வந்த மருந்துக்கடைக்காரர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார்.

"ஏறிக்கோங்க ஐயா, இறக்கிவிடறேன்."

"இல்லீங்க, நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

ஐந்து மணிக்கு லிஃப்டைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவியின் கட்டிலில் உட்கார்ந்து, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

"லேட்டாத்தான் சொன்னேன்" என்றார்.