வெள்ளைத் திட்டுகள்

"இந்தப் படத்துக்குப் பின்னாடி என்ன?" என்று கேட்டுக்கொண்டே லொரெய்ன் அதைத் தூக்கிப் பார்த்தாள். அட்டைப் பெட்டியும் கையுமாக நின்ற கெரின் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மகள் டெகனின் படம் அது. படத்தை யாரும் நெஞ்சு உயரத்தில் மாட்டுவதில்லை. கெரினின் வீட்டில் எல்லாப் படங்களும் அந்த உயரத்தில்தான் தொங்கின. பின்னால் ஒரு முஷ்டி அளவுக்கு வெள்ளைத் திட்டு, பழுப்பேறிய சுவரில் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் பளிச்சென்று தெரிந்தது.

லொரெய்ன் அடுத்த படத்தைத் தூக்கினாள். பிறகு காலண்டரை. பிறகு கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மழைக்கோட்டை. வீட்டுக்காரர் கடலோரத்தில் எங்கோ இருந்தார். இந்த ஊரில் அவருடைய கண், கை, வாய் எல்லாமே ஏஜென்ட் லொரெய்ன்தான்.

"நீயே பூசினியா கண்ணு?"

"ஷெட்டுல ட்ரென்ட் விட்டுட்டுப் போன பெயிண்ட் டின் இருந்துச்சு. இதே வெள்ளைதான் லொரெய்ன்."

"அடிச்ச அன்னைக்கு இதே வெள்ளை. அப்புறம் எத்தனை குளிர்காலத்து அடுப்புப் புகை, எத்தனை வெயில்! ஒட்டுப் போட்டா ஒட்டு தெரியத்தான் செய்யும். இந்தச் சுவரை மட்டும் அடிச்சா பக்கத்துச் சுவர் அழுக்காத் தெரியும். வீடு முழுக்க அடிச்சாகணும். உன் அட்வான்ஸ்லதான் கழிக்கணும்."

அக்கா இருக்கும் ஊரில் கெரின் ஒரு சின்ன வீடு பேசி வைத்திருந்தாள். இங்கிருந்து திரும்பி வரும் அட்வான்ஸை அப்படியே அங்கே கட்டவேண்டும். வேறு பணம் கிடையாது. அது போனால் ஆற்றங்கரையில் நிற்கும் கேரவன் வண்டிதான் வீடு. பள்ளி திறக்கும்போது டெகன் சொல்லப்போகும் முகவரி அதுதான்.

"சுவத்தை உடைச்சது நான் இல்ல. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதா? ஆனா ஒப்பந்தத்துல உன் பேரு மட்டும்தானேம்மா இருக்கு?"

அதை அப்படிச் செய்ததும் கெரின்தான். போன குளிர்காலத்தில், அதுவரை அவளோடு குடித்தனம் நடத்திய ட்ரென்ட் இனி அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்ன மறுநாளே லொரெய்னின் அலுவலகத்துக்கு ஓடி, "அவன் பேரை எடுத்துடுங்க, சாவியோட வந்து நிக்கக்கூடாது" என்று கேட்டாள். "புத்திசாலிப் பொண்ணு" என்று லொரெய்ன் தட்டிக்கொடுத்தாள். கதவு அவனுக்குச் சாத்தப்பட்டது. அவன் குத்திய சுவர்கள் அவள் பேருக்கு வந்து சேர்ந்தன.

அவன் குத்திய நாட்களில் ஊர் என்ன சொன்னது? "உன்னைத் தொடலையே. சுவத்தோட போச்சே, நல்ல வேளை." ட்ரென்ட் நல்லவன், சிறுவர்களுக்குக் கால்பந்து பழக்குகிறவன், கிளப்பில் நாலு பேருக்கு பீர் வாங்கிக் கொடுக்கிறவன்.

"யாரு அடிக்கப் போறா?" என்று கேட்டாள் கெரின்.

லொரெய்ன் கைப்பையில் எதையோ தேடினாள். "டப்போ டவுன்ல ஒரு பெயிண்டரைக் கேட்டேன். பெட்ரோல் செலவோட ரெண்டு மடங்கு சொல்றான். நம்ம ஊருக்குள்ளயே பார்த்தா..."

"ட்ரென்ட்டா?"

"பெயிண்ட் வேலைக்கு இங்க வேற யாரும்மா இருக்கா? பாதி ஊருக்கு அவன்தான் அடிச்சிருக்கான்."

"அவன் உடைச்ச சுவத்தை அடைக்க, என் காசை எடுத்து அவனுக்கே கூலியா?"

"உனக்குத்தான் மிச்சம் பண்றேன். டப்போக்காரன்னா அட்வான்ஸும் பத்தாம உன்மேல கேஸ் போடணும்." குரலைத் தணித்தாள். "அடுத்த வாரம் புதன்கிழமைக்குள்ள காலி பண்ணிடு. நீ உள்ள இருக்கறப்ப அவன் வாசப்படி ஏறக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு. அதுல நான் ரொம்பக் கறார்."

கெரினுக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே வரும்போது அது வேறு சத்தமாக இருந்தது.

"அழாத. இந்தச் சனிக்கிழமை ஆளுங்க வீடு பார்க்க வராங்க. படமெல்லாம் அங்கங்க தொங்கட்டும். நீ எதுவும் பேசாம இருந்தா, நல்ல குடித்தனக்காரின்னு எழுதித் தரேன். அதைக் காட்டி அக்கா ஊர்ல அட்வான்ஸைத் தவணையாக் கட்டலாம். இல்லேன்னா எந்த ஏஜென்டும் உனக்குக் கதவைத் திறக்கமாட்டான்."

கெரின் தலையை ஆட்டினாள். டெகனை நினைத்து ஆட்டினாள்.

சனிக்கிழமை கதவு திறந்ததும் வரிசை உள்ளே வந்தது. தெரியாதவர்கள் அவளுடைய அலமாரிகளைத் திறந்தார்கள், குழாயைத் திருகினார்கள், அவள் படுக்கும் அறையை எட்டிப் பார்த்தார்கள். கெரின் தன் சமையலறையிலேயே விருந்தாளிபோல் ஒதுங்கி நின்றாள்.

மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், வயிற்றில் கை வைத்தபடி, "அடுப்படி கொஞ்சம் இருட்டா இருக்கோ?" என்றாள்.

கூட வந்தவன் சிரித்தான். "உன்னை யாரு கேட்டா? பேசறதுக்குத்தான் நான் இருக்கேன்ல?"

வரிசையில் இரண்டு பேர் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

கெரின் கூடத்துக்கு நடந்தாள். டெகனின் படத்தைக் கழற்றினாள். அடுத்ததைக் கழற்றினாள். காலண்டரையும்.

"கெரின்..." என்றாள் லொரெய்ன், பல்லைக் கடித்துக்கொண்டு. "யோசிச்சுக்கோ."

கெரின் போய் மழைக்கோட்டையும் எடுத்தாள்.

"என்னக்கா இதெல்லாம்?" என்று மஞ்சள் கவுன் கேட்டாள்.

"இது, வறுத்த ஆட்டுக்கறி ஆறிப்போன அன்னைக்கு. இது, என் அக்கா போன் பண்ணின அன்னைக்கு. இது எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியல."

திறந்து கிடந்த அலமாரியை யாரோ ஓசைப்படாமல் சாத்தினார்கள். லொரெய்ன் முன்னால் வந்து கைகளை விரித்தாள். "ஒண்ணும் பயப்படாதீங்க. நீங்க குடிவர்றதுக்குள்ள பட்டி பார்த்து, ரெண்டு கோட்டு அடிச்சு, வீடு புத்தம் புதுசா இருக்கும்."

"இருக்கும்" என்றாள் கெரின், அந்தப் பெண்ணைப் பார்த்து. "அடிக்கப்போறவன் கைகாரன். எங்கெங்க ஓட்டைன்னு அவனுக்கு யாரும் காட்டவே வேண்டாம்."