கொம்பு மார்க்

இறக்கத்தில் சம்பந்தியின் இடது கால் பூட்ஸ் வாயைப் பிளந்தபோது, சர்வேயர் அவருக்குச் சற்று முன்னால் நின்று அந்தப் பூட்ஸைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, இந்த வழுக்குப் பாறையிலகூடப் பிடிப்பு விடல. கொம்பு மார்க்குன்னா சும்மாவா?" என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் சருகு நசுங்கும் சத்தமும் "அம்மாடி" என்ற குரலும் கேட்டன. திரும்பினால் சம்பந்தி பாதையோரப் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். அந்தப் பருத்த உடம்பின் பாரம் முழுக்க ஒற்றைக் கணுக்காலின் மேல் இறங்கியிருந்தது. பூட்ஸின் சோல், குதிகாலில் மட்டும் ஒட்டிக்கொண்டு, நாய் நாக்கைத் தொங்கப் போட்டதுபோலத் தொங்கியது.

சர்வேயர் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் சர்வேயர்தான். மலையும் காடுமாக அளந்து திரிந்த மனிதர். வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கிய கொம்பு மார்க் பூட்ஸ், கணுக்கால் பக்கம் வளைந்த இரண்டு ஆட்டுக்கொம்புகள் பொறித்தது, அவர் பணிக்காலம் முழுக்கக் கூடவே வந்தது. ஆற்றில் ஊறியது, அட்டைக் காட்டில் ரத்தம் குடித்தது, ஒருமுறை கூடாரத்துக்கு வெளியே மறந்து விட்டதில் விடிய விடிய மழையில் கிடந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. வீட்டில் செருப்பு வைக்கும் அலமாரியில் அதற்கென்று தனித் தட்டு. மாதம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைப்பார். "எனக்குக்கூட இந்த வீட்ல இவ்வளவு கவனிப்பு இல்ல" என்பாள் அவர் மனைவி. அவர் சிரித்துக்கொள்வார். நம்பிக்கை என்ற பேச்சு யார் எடுத்தாலும் சரி, வங்கியோ வாத்தியாரோ அரசாங்கமோ, அவர் கடைசியில் அந்தப் பூட்ஸில்தான் வந்து நிற்பார்.

சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, பேக்கரி வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்ற மனிதர். மலை என்றால் அவருக்குக் கேக்கின் மேல் கிரீமால் போடுவதுதான் என்று மாப்பிள்ளையான சர்வேயரின் மகனே கிண்டல் செய்வான். அந்தக் கிண்டல் எங்கோ தைத்திருக்க வேண்டும். "ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்களேன் சம்பந்தி, உச்சியில நின்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று அவராகவே கேட்டார். கேட்டவர், நடைபாதைக் கடையில் வாங்கிய கான்வாஸ் ஷூவோடு வந்து நின்றார். அடுப்படியில் வழுக்காமல் நிற்க அதைத்தான் போடுவாராம். சர்வேயர் அதைப் பார்த்த பார்வையைக் கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். "இதைப் போட்டுக்கிட்டு என்கூட மலையேறினா என் மானம் போயிடும் சம்பந்தி" என்றார், சிரித்துக்கொண்டேதான். சம்பந்தியும் சிரித்தார். காலை மட்டும் மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

கடைக்குக் கூட்டிப்போய்க் கொம்பு மார்க்கே வேண்டும் என்று வாங்க வைத்ததும் சர்வேயர்தான். மகன் அப்போதே சொன்னான். "அப்பா, இப்ப அந்தக் கம்பெனி முன்ன மாதிரி இல்லையாம். நெட்ல ரொம்பப் பேரு திட்டி எழுதியிருக்காங்க."

"எழுதறவன் எவனாவது மலையேறியிருப்பானா? உக்காந்த இடத்துலயே தேயறவனுக்கு எந்த ஷூவா இருந்தா என்ன?"

சர்வேயர் புதிதாக ஒரு கொம்பு மார்க் பூட்ஸ் வாங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதும் இல்லை.

இப்போது மகன் முன்னால் போய், வளைவுக்குக் கீழே எங்கோ இருந்தான். "என்னப்பா சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி ஏறி வருவது தெரிந்தது. சர்வேயர் பள்ளத்தில் மண்டியிட்டார். சம்பந்தியின் முகம் மாவாக வெளுத்திருந்தது. கால் இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. எலும்பு முறிந்தால் பூட்ஸைக் கழற்றக்கூடாது, அதுவே கட்டு மாதிரி பிடித்துக்கொள்ளும், ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தது அது. ஆனால் மகனின் காலடி நெருங்கிக்கொண்டிருந்தது. தொங்குகிற அந்தச் சோல் அவர் கண்ணெதிரே ஆடியது. அவர் கைகள் அவரைக் கேட்கவில்லை. நாடாவை அவிழ்த்தன. பூட்ஸைப் பிடித்து இழுத்தன. சம்பந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார், பிறகு முனகலும் நின்று போனது. சர்வேயர் அதைத் தன் பைக்குள், மழைக்கோட்டுக்கு அடியில் திணித்துவிட்டு நிமிர்ந்தபோது, சம்பந்தியின் கண்கள் திறந்திருந்தன. பையைப் பார்த்தன. பிறகு அவரைப் பார்த்தன.

"வீங்க ஆரம்பிச்சிடுச்சுடா, கழட்டிட்டேன்" என்றார் சர்வேயர், வந்து நின்ற மகனிடம்.

இரண்டு பேருமாகத் தோள் கொடுத்து, உட்கார வைத்து, தூக்கி, மறுபடி உட்கார வைத்து, ஜீப் வரும் பாதைக்கு எப்படியோ கொண்டு வந்து சேர்த்தார்கள். வழி நெடுக சர்வேயரின் முதுகில் அந்தப் பை இடித்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரு ஷூவைக் கழட்டினது?" என்றார். சுற்றி மகன், மருமகள், சர்வேயரின் மனைவி எல்லோரும் நின்றார்கள். "முறிவு மட்டும்னா கட்டுப் போட்டு விட்டிருக்கலாம். கழட்டும்போது எலும்பு நகந்திருக்கு. இப்ப ஆபரேஷன் பண்ணி பிளேட் வைக்கணும்."

மகன் அவர் பக்கம் திரும்பினான். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் டாக்டர் கழட்டச் சொன்னேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. வலி தாங்க முடியல, அடம்பிடிச்சிட்டேன்."

"எப்படி விழுந்தீங்க?"

"புல்லு ஈரம். கால் வழுக்கிடுச்சு. என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் மலை எதுக்கு, சொல்லுங்க?"

மருமகள் அப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே திட்டினாள். "சொன்னா கேக்கறியாப்பா நீ? மாமா அவ்வளவு தூரம் சொல்லியும் கழட்டச் சொல்லியிருக்கே." பிறகு சர்வேயரைப் பார்த்து, "நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும் மாமா" என்று கண்கலங்கினாள். சர்வேயர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று வெளியே வராந்தாவில் வந்து நின்ற பிறகும் அவருக்குப் புரியவில்லை. யாராவது அந்த இடத்திலேயே செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. பேக்கரி பூட்டிக் கிடந்தது. சர்வேயருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது. அதற்கு ஒரு இடம் இருப்பது நினைவுக்கு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது. பிய்ந்த பூட்ஸையும், ஆஸ்பத்திரியில் கழற்றி வைத்த அதன் ஜோடியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மேசைமேல் தொப்பென்று வைத்தார்.

"என்னய்யா இது? கொம்பு மார்க்குன்னு பேரு போட்டு விக்கிறீங்க, ஒரு மலை தாங்கல!"

விற்பனையாளர் நிதானமான ஆள். பிளவுக்குள் கட்டைவிரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார். பழுப்பாகத் தூள் உதிர்ந்தது. "பசை பொடியாயிடுச்சு பாருங்க சார். அந்தக் காலத்துல சுத்தித் தையல் போடுவாங்க. இப்ப வெறும் ஒட்டுதான். பழைய கம்பெனியை எப்பவோ வித்துட்டாங்க. கொம்பு மட்டும்தான் பழசு, மத்ததெல்லாம் வேற."

"தெரிஞ்சே விக்கிறீங்களா?"

"கேட்டு வர்றாங்களே சார். பெரியவங்க வந்து இதுதான் வேணும்னு நிப்பாங்க. வேற நல்லதா எடுத்துக் காட்டினா, எனக்கே பாடம் எடுக்கிறியான்னு கோபப்படுவாங்க."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எதிரே நிற்பவரை அடையாளம் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சர்வேயருக்கு அந்த நாள் கண்முன் வந்தது. இதே ஆள் இதே இடத்தில் வேறொரு கம்பெனி பூட்ஸை வெளியே எடுத்து, சோலை மடக்கிக் காட்ட வாய் திறந்ததும், தான் ஈ ஓட்டுவதுபோலக் கையை வீசியதும், பக்கத்தில் சம்பந்தி "இவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், இதையே குடுங்க" என்றதும். விற்பனையாளர் உள்ளே போய்ப் புது ஜோடி ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தார். "மாத்திக் குடுக்கச் சொல்லி உத்தரவு இருக்கு சார். அதிகமா இப்படித் திரும்பி வருது" என்றார். சர்வேயர் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்.

மனைவி வாசலிலேயே பெட்டியைப் பார்த்தாள். பெட்டியின் மேல் கொம்பு பெரிதாக அச்சடித்திருந்தது. அவள் படிப்பறிவு குறைந்தவள் அல்ல, கூட்டல் கழித்தல் போட அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"ஈரப் புல்லுல வழுக்கி விழுந்தா கடையில புது பூட்ஸ் குடுக்கறாங்களா?"

அவர் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டார்.

"ஸ்டேஷன்ல என் பையோட வார் பிஞ்சு விழுந்துதே, நினைப்பு இருக்கா? நீங்க வாங்கிக் குடுத்த பை, இதே கொம்பு மார்க்தான். பிளாட்பாரம் முழுக்கத் துணிமணியெல்லாம் சிதறி நான் பொறுக்கிட்டு நின்னேன். நீ தூக்கின விதம் சரியில்லன்னீங்க. அத்தனை பேரு முன்னால." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சம்பந்தி நடந்த விதமும் சரியில்லையா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் ஒரு புடவையை உருட்டி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் காலுக்கிடையில் குனிந்து நின்றது அவருக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. அப்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது தையலே இல்லாமல் வெறும் பசையில் ஒட்டியிருந்து பிரிந்திருந்ததை அன்றே பார்த்தவர்தான். பார்த்துவிட்டுத்தான் அவளைத் திட்டினார்.

மறுநாள் சம்பந்தி வீட்டுக்குப் போனார். வீடு பேக்கரிக்கு மேல் மாடியில். எப்போது போனாலும் படியிலேயே ரொட்டி வாசனை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இன்று வெறும் சுவர் வாசனைதான் இருந்தது. சம்பந்தி கட்டிலில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். மருமகள் அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. பாருங்க, ராஜா மாதிரி படுத்துக்கிட்டே சாப்பிடறேன்."

சர்வேயர் உட்கார்ந்தார். வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டன. "சம்பந்தி, அன்னிக்கு நான்..."

"விடுங்க. உங்க வீட்டம்மா போன்ல சொன்னாங்க, கடைக்குப் போனீங்களாமே. பிஞ்ச ஷூவை மாத்திக் குடுத்தாங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் பேக்கரியில் நின்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை, தாழ்த்தினாலும் கூடம் வரை போகும். டீயோடு வந்த மருமகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எந்த ஷூப்பா பிஞ்சுது?"

"ஒண்ணுமில்லம்மா. பழசு ஒண்ணு..."

"மலைக்குப் போட்டுட்டுப் போன ஷூவாப்பா? புல்லு ஈரம்னு சொன்னியே."

சம்பந்தி சர்வேயரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அவருக்காக இன்னொரு பொய்யைத் தேடுகிறார் என்பது சர்வேயருக்குத் தெரிந்தது. இதையும் அவரைச் சொல்ல விட்டால் இனி இந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு மிதிப்பது என்று தோன்றியது.

"சோல் பிஞ்சுதான் விழுந்தாரும்மா. அவரு மேல தப்பில்ல." நிறுத்தினார். மீதியும் வந்தது. "பூட்ஸைக் கழட்டச் சொன்னது அவரில்ல. நானாத்தான் கழட்டினேன். கூடாதுன்னு எனக்குத் தெரியும். பிஞ்சது உன் புருஷன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு கழட்டிப் பையில வச்சுக்கிட்டேன்."

"அதுக்காகவா?" என்றாள் அவள். மெதுவாகத்தான் கேட்டாள், நிஜமாகவே புரியாதவள்போல. "அதுக்காகவா எங்கப்பா காலை..."

முடிக்கவில்லை. டீத் தட்டைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அப்பாவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் யாரிடம் அதிகமாகக் கோபப்படுவது என்று நிற்பதுபோல இருந்தது. சம்பந்தி அவள் கையைப் பிடிக்க எட்டினார், எட்டவில்லை. "எனக்குத்தான் கால் வலி, அவருக்கு ஏன்..." என்று தொடங்கி, ஏதோ வேடிக்கை சொல்லப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். தெருவில் ஒரு வண்டிக்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவைக் குளிக்கக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு ஒத்தையாத் தூக்க முடியாது. அந்தப் பக்கம் பிடிங்க."

மாமா என்ற சொல் பின்னால் வருகிறதா என்று சர்வேயர் காத்திருந்தார். வரவில்லை. எழுந்து கட்டிலின் மறுபுறம் போய்க் குனிந்தார். சம்பந்தியின் கை அவர் தோளைச் சுற்றி விழுந்தது. அடுப்புச் சூடு பட்டுப் பட்டுக் கறுத்த தழும்புகள் முழங்கை வரை ஏறியிருந்தன. கனமான கை. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். குளியலறைக்குப் போகும் நடை குறுகலானது, மூவர் பக்கம் பக்கமாகப் போக முடியாது. அதனால் மருமகள் முன்னால் ஒருக்களித்துத் திரும்ப, சர்வேயர் பின்னால் சுவரோடு முதுகை ஒட்டிக்கொள்ள, நடுவில் சம்பந்தி கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வந்தார். ஒவ்வொரு தத்தலுக்கும் அவர் மூச்சு சர்வேயரின் காதில் சூடாக வந்து மோதியது. மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், மெல்ல மெல்ல நகர்ந்தார்கள்.