சிவப்புக் கோட்டுக்கு மேல் தண்ணீர்

என் கணவர் துஷாந்த் மீன் வளர்ப்பதாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவர் வளர்ப்பது குழாய்களை. எங்கள் ஹோலில் இருக்கும் நான்கடித் தொட்டியில் ஆறே ஆறு மீன்கள். அந்த ஆறுக்காக அவர் ஒட்டிய பைப், வளைவு, வால்வு எல்லாவற்றையும் கழற்றி நீட்டி வைத்தால் கண்டி மணிக்கூட்டுக் கோபுரம் வரை போகும். அவருக்குப் பிலிமத்தலாவையில் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்தும் கடையில் வேலை. அங்கே வெட்டி எஞ்சிய கண்ணாடித் துண்டு எதுவும் குப்பைக்குப் போகாது, நேராக எங்கள் வீட்டுக்கு வரும்.

அந்தத் தொட்டிக்குக் கீழே, திரை போட்ட மேசைக்குள், இன்னொரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதற்குப் பெயர் சம்ப். மேல் தொட்டியில் வழிகிற தண்ணீர் குழாய் வழியே சம்புக்குள் இறங்கி, பஞ்சையும் கல்லையும் கடந்து சுத்தமாகி, மோட்டரால் மறுபடி மேலே ஏறும். இவ்வளவுதான் விஷயம். இதை எனக்கு விளங்கப்படுத்த அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் நான் ஒரு பட்டப்படிப்பை முடித்திருக்கலாம்.

என் கவலை வேறு. மகள் டிலானி வரும் ஜனவரியில் தரம் ஒன்றில் சேர வேண்டும். எங்கள் வாடகை வீடு, நல்ல பெயர் வாங்கிய பெண்கள் பாடசாலை ஒன்றின் பின்மதிலிலிருந்து நூற்றைம்பது யார் தூரம். காலைக் கூட்டத்தில் அதிபர் யாரைத் திட்டுகிறார் என்பது என் குசினிக்குத் தெளிவாகக் கேட்கும். அருகில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு இடம் உண்டு என்கிறது சுற்றறிக்கை. ஆனால் அருகில் வசித்தால் மட்டும் போதாது, வசிப்பதாகக் கடதாசி வேண்டும். கண்டியில் அருகில் வசிப்பவர்களிடம் கடதாசி இல்லை. கடதாசி உள்ளவர்கள் அருகில் வசிப்பதில்லை.

வீட்டுக்காரர் ராஜலிங்கம் ஐயா கீழ்வீட்டில் தனியாக இருப்பவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டி மாவட்டச் செயலகமான கச்சேரியில் நாற்பது வருடம் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடதாசி என்ன செய்யும் என்று அறிந்தவர், ஆகவே அதற்குப் பயந்தவர். தான் மாடி கட்டியதை அவர் மாநகரசபைக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் வீட்டுக்குச் சபை போடும் சோலைவரி கூடிவிடும். சபையின் பதிவின்படி அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது, நாங்கள் குடியிருந்தது ஆகாயத்தில். வாடகை ஒப்பந்தம் கேட்டால், "எழுத்து என்னத்துக்குப் பிள்ளை? என்ர வாய்ச்சொல் காணாதே?" என்பார். கிராம சேவகர் தயவில் வாக்காளர் இடாப்பில் மட்டும் எங்கள் பெயர் ஏறியிருந்தது. அந்த ஒற்றைக் கடதாசியோடு நேர்முகத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் இருந்தவரின் கோப்பு தலையணை உயரம். அவர் குடும்பத்தை எங்கள் தெருவில் நான் ஒரு நாளும் கண்டதில்லை.

"வீட்டுக்கு வந்து பார்ப்போம். எப்பன்னு சொல்ல மாட்டோம்" என்றார் உப அதிபர் சந்திரிகா மிஸ்.

இதற்கிடையில்தான் சம்ப் இரண்டு தடவை எங்கள் மானத்தை வாங்கியிருந்தது. முதல் தடவை கரண்ட் போனபோது. தண்ணீரை மேலே ஏற்றும் பைப்பின் வாய் தொட்டிக்குள் ஆழமாக முங்கியிருந்ததால், மோட்டர் நின்றதும் அதே பைப் தண்ணீரைக் கீழே உறிஞ்சத் தொடங்கிவிட்டது. சம்ப் நிரம்பி, தரையில் ஓடி, கீழ்வீட்டுச் சீலிங் பேன் வயருக்காக கொங்கிரீட்டில் துளைத்திருந்த ஓட்டையால் ராஜலிங்கம் ஐயாவின் ஹோலுக்குள் இறங்கியது. துஷாந்த் அந்தப் பைப்பில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்னத் துளை ஒன்று போட்டார். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளைக்குள் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடுமாம். "இனிப் பொட்டுத் தண்ணி வராது" என்றார்.

இரண்டாவது தடவை ஒரு நத்தை. கீழே இறங்கும் குழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. இறங்க வழியில்லை, மோட்டரோ ஏற்றிக்கொண்டே இருந்தது, இந்த முறை மேல் தொட்டி வழிந்தது. துஷாந்த் குழாய் வாய்க்கு வலை கட்டி, அது அடைத்தாலும் தண்ணீர் போகட்டும் என்று சற்று உயரத்தில் இரண்டாவது குழாய் ஒன்றும் வைத்தார்.

ராஜலிங்கம் ஐயா தலை துவட்டிக்கொண்டே மேலே வந்தார். "தம்பி, ரெண்டு தரம் பொறுத்திட்டன். மூண்டாந்தரம் ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டை விட்டிட வேணும். சொல்லிப்போட்டன்."

அன்றிரவு துஷாந்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சம்பின் பாதிக்குச் சற்று மேலே சிவப்பு டேப் ஒட்டினார். என்னையும் டிலானியையும் நிறுத்தி வைத்து மோட்டரை அணைத்துக் காட்டினார். மேலிருந்து தண்ணீர் இறங்கி, சம்பில் ஏறி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. டிலானி கை தட்டினாள்.

"இந்தக் கோட்டுக்கு மேல தண்ணி நிக்கவே கூடாது சர்மி" என்றார். "வெத்து எடம்னு நெனைக்காத. அந்த வெத்து எடந்தான் நம்மள இந்த வீட்டுல வச்சிருக்கு."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரம் முழுக்க லீவு போட்டு வீட்டில் இருந்தேன். வருகிறவர்கள் மதிக்கும்படி வீடு இருக்க வேண்டாமா? சிலிகன் டியூப், பைப் துண்டு, வாள் எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளினேன். காய்ந்த துணி, காயாத துணி, டிலானியின் சப்பாத்து, கரடிப் பொம்மை, மூன்று சக்கரச் சைக்கிள் எல்லாம் அலுமாரிக்குள்ளும் அலுமாரிக்குப் பின்னாலும் போயின. நான்கு நாள் துடைத்ததில் தரையில் முகம் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குத் தண்ணீர் வெட்டு என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. நான் தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். நாற்பது வீட்டுக்கு ஒரு பீலிக் குழாய், காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். அங்கே வளர்ந்தவளுக்குத் தண்ணீர் நிற்கப் போகிறது என்றால் கை சும்மா இராது. வாளி, குடம், சட்டி, பேசின் எல்லாம் நிரப்பினேன். தேநீர்க் கேத்தலையும் நிரப்பினேன். ஹோலுக்கு வந்து திரையை விலக்கினால், பாதி வெறுமையாக அந்தச் சம்ப்! அவ்வளவு பெரிய பாத்திரம், தண்ணீர் நிற்க இன்னும் ஐந்து நிமிடம். துஷாந்த் அப்போது வேலைக்குப் போய்விட்டார். ஹோஸை இழுத்து விளிம்பு வரை விட்டேன். சிவப்பு டேப் தண்ணீருக்குள் அழகாகத் தெரிந்தது. குற்றம் முழுக்க என்னுடையதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

பத்து மணிக்குத் திரீவீலர் வந்து நின்றது. சந்திரிகா மிஸ்ஸும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் மேலே ஏறி வந்தார்கள். டிலானி பாலர் பாடசாலைக்குப் போயிருந்தாள்.

மிஸ் சுற்றிப் பார்த்தார். முகத்தில் மதிப்பு எதுவும் தெரியவில்லை. "புள்ளைட சப்பாத்து எங்க?"

"அலுமாரியில, மிஸ்."

"அலுமாரியிலயா? காயப்போட்ட துணி ஒண்ணயும் காணமே. நெசமாவே இங்கதான் இருக்கீங்களா அம்மா?"

"இங்கதான் மிஸ் இருக்கோம்! அலுமாரியத் தொறந்து காட்டவா?"

"போன கெழம ஒரு வீட்டுல அலுமாரியே இரவல்" என்றார் மிஸ், சலிப்போடு. "ஆள் இருக்குற வீடு இப்படியா இருக்கும்? அது என்னா சத்தம்?"

"மீன் தொட்டி மோட்டர் மிஸ். இந்தா நிப்பாட்டிர்றேன்." ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். பெரியவர்கள் பேசும்போது சத்தம் இருக்கக்கூடாதே!

"கீழ வீட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவோம்" என்று மிஸ் இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

கையில் கோப்போடு மிஸ்ஸைக் கண்டதும் ராஜலிங்கம் ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. மூன்று பேரையும் ஹோலில் கதிரை போட்டு உட்கார்த்தினார்.

"மேல யாருங்க ஐயா இருக்கிறது?"

"மேலையோ?" அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆ... தெரிஞ்ச ஆக்கள். இடைக்கிடை வந்து நிண்டிட்டுப் போவினம்."

இத்தனை மாதமாக நான் கட்டிய கோட்டையை இந்த மனிதர் ஒரு வரியில் இடித்துவிட்டார். சந்திரிகா மிஸ் பேனாவைத் திறந்து, எங்கள் பெயருக்கு நேரே எழுதக் குனிந்தார்.

கோப்பில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சீலிங் பேனின் தண்டு வழியாகத் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, திரும்பவுமோ!" ராஜலிங்கம் ஐயா துள்ளி எழும்பினார். சோலைவரி, கோப்பு, பயம் எல்லாம் அந்த நொடியில் அவருக்கு மறந்துபோயிற்று. "நீங்களே பாருங்கோ மிஸ்! ரெண்டு வருஷமும் ஏழு மாசமுமா நான் படுற பாடு! மூண்டாந்தரம் இது! இரவு பகலா அந்த மோட்டர்ச் சத்தம். காலமை ஆறு மணிக்கு அந்தப் பெட்டை படியில குதிச்சுக் குதிச்சு இறங்கும். ஏழு மணிக்குத் தாய் சீப்பால தலை இழுக்க, ஊர் கேக்க அழும். ஞாயிற்றுக்கிழமையெண்டா என்ர தலைக்கு மேல சைக்கிள் ஓட்டம். உங்கட பள்ளிக்கூட மணி அடிச்சா அதுவும் படியில அட்டென்ஷனில நிண்டு உங்கட பாட்டை முழுக்கப் பாடும். அஞ்சு வயசில! பிழை விடாமப் பாடும்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் நிம்மதியாக் கண்ணயர்ந்திருப்பனோ?"

சந்திரிகா மிஸ் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டு, ஈரமில்லாத ஒரு தாளை எடுத்தார். "மெதுவா சொல்லுங்க ஐயா. ரெண்டு வருஷமும் எத்தன மாசம்?"

"ஏழு!"

"சைக்கிள் ஞாயித்துக்கெழமையிலயா?"

"சனியும்தான், எழுதுங்கோ!"

எல்லாவற்றையும் எழுதி, கீழே கையெழுத்துக் கேட்டார். ஐயா வாசித்துப் பார்க்காமலே போட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் வந்ததற்காக அழுகிறேன் என்று நினைத்து ஆசிரியைகள் சமாதானம் சொன்னார்கள்.

மாலை வந்த துஷாந்த் முதலில் சம்பைத்தான் பார்த்தார். "எது வரைக்கும் ஊத்துன?" "விளிம்பு வரைக்கும்." தரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்.

தெரிவானோர் பெயர்ப்பட்டியலில் டிலானிக்கு ஒன்பதாம் இடம். ராஜலிங்கம் ஐயா பிள்ளைக்கு ஒரு பை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு மாதத்தில் வீட்டை விடச் சொன்னார். சொன்ன சொல் தவறாதவர். மீன் தொட்டிக்காரர் என்ற பெயர் தெரு முழுக்கப் பரவியிருந்ததால் அக்கம்பக்கத்தில் எவரும் வீடு தரவில்லை. கடைசியில் பிலிமத்தலாவையில் ஒன்று கிடைத்தது, மாடியில்லாத தரைவீடு. துஷாந்துக்குச் சந்தோஷம். ஆறடித் தொட்டிக்கு அளவெடுத்துவிட்டார்.

ஜனவரியில் முதல் நாள், ஐந்து மணிக்கே டிலானியை எழுப்பி, தூக்கத்தோடு தலை இழுத்து, நெரிசலில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். என் மடியில் தூங்கியதில் அவள் வெள்ளைச் சட்டை கசங்கிப் போயிருந்தது. நூற்றைம்பது யார் தூரத்தில் இருந்தபோது பாடசாலைப் பாட்டைப் பிழையில்லாமல் பாடிய பிள்ளை, வரிசையில் நின்று கொட்டாவி விட்டாள்.

வகுப்பில், அருகில் வசிப்போர் பிரிவில் வந்த பிள்ளைகளை வகுப்பாசிரியை ஒரு பக்கமாக உட்கார வைத்தார். பெற்றோர் ஜன்னலோரம் நின்று பார்த்தோம். "இதுல பஸ்ஸுலயும் வேன்லயும் வர்ற புள்ளைக கை தூக்குங்க பாப்போம்" என்றார், பாடசாலை விடும் நேரத்துக்கு ஒழுங்கு செய்வதற்காக.

பதினெட்டுப் பிள்ளைகளில் பதினாறு பேர் கை தூக்கினார்கள். என் மகளின் கையும் அதில் இருந்தது.