மீன் டப்பாக் கடற்படையின் பணிக்காலம்

1979 டிசம்பர் 17, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, இசிக்குல் ஏரியின் மீது கிழக்கிலிருந்து சன்டாஷ் காற்று மிதமாக வீசிக்கொண்டிருக்க, வெப்பமானி சுழியத்துக்குக் கீழே ஆறு பாகை காட்டிய வேளையில், மம்பெத்குலின் தகரச் சிப்பாய்கள் பதினேழு பேரும் வெண்ணெயைத் தொடாமல் காலை உணவை முடித்தனர். ரொட்டித் துணுக்குகளை உண்டிருந்தனர், தேநீரைக் குடித்திருந்தனர், வெண்ணெயை மட்டும் தீப்பெட்டி மூடிகளின் ஓரத்தில் ஒதுக்கியிருந்தனர். அதைக் கண்ட மம்பெத்குல் கரி வாரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். படையில் பணியாற்றிய எவருக்கும் அதன் பொருள் தெரியும். விடுவிப்பு ஆணை வெளியாக நூறு நாள் இருக்கும்போது, ஊர் திரும்பவிருக்கும் சிப்பாய் தன் பங்கு வெண்ணெயைப் புதிதாக வந்தவனுக்குக் கொடுத்துவிடுவான். இந்தப் படையில் புதிதாக வந்தவர் எவரும் இல்லை; ஆகவே வெண்ணெய் கிடந்த இடத்திலேயே உறைந்தது.

மம்பெத்குல் ஏரிக்கரை ஓய்வில்லம் ஒன்றின் கொதிகலன் காவலர். கோடையில் அங்கே நானூறு பேர் தங்குவர். குளிர்காலத்தில் அவரும், சமையல்காரி சூராவும், உறைந்துவிடக் கூடாத குழாய்களும் மட்டுமே மிஞ்சுவர். 1978 மார்ச்சில் அவருடைய மனைவி மகன் இஸ்காக்கை அழைத்துக்கொண்டு புரூன்ஸே நகருக்குப் போய்விட்டாள். பெட்டியை மூட முடியாததால் மகனின் தகரச் சிப்பாய்கள் ஒரு பூட்ஸ் அட்டைப்பெட்டியில் பின்தங்கினர். அவர்களுக்கு ஒரு கப்பல் வேண்டும் என்று இஸ்காக் போவதற்கு முன் இரண்டு குளிர்காலங்களாகக் கேட்டுவந்திருந்தான். கொதிகலன் அணையட்டும், செய்து தருகிறேன் என்று தந்தை இரண்டு குளிர்காலங்களாகச் சொல்லிவந்திருந்தார். மகன் போன அடுத்த மாதம், விதிப்படி கொதிகலன் ஏப்ரல் பதினைந்தாம் நாள் அணைந்தது. பதினாறாம் நாள் அவர் முதல் கப்பலைத் தொடங்கினார்.

அதன் உடல், முனையோடு முனை பற்றவைத்த இரண்டு மீன் டப்பாக்கள். தளம் தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை. புகைபோக்கிகள் நூல் சுற்றிய கட்டைகள். பீரங்கிக் குழல்கள் தீர்ந்துபோன பேனா ரீஃபில்கள். கைப்பிடிக் கம்பிகளுக்குச் சீப்பின் பற்களும், நங்கூரச் சங்கிலிக்கு யாரோ ஒரு விருந்தினர் அறையில் விட்டுச்சென்ற அறுந்த கழுத்துச் சங்கிலியும் பயன்பட்டன. அடுத்த இரு கப்பல்களுக்குச் சோப்புப் பெட்டிகளும் பற்பசைக் குழாய்களும் தேவைப்பட்டன. விரிசல் விட்ட குளியல் தொட்டி ஒன்றுக்குத் தாரடித்து, கொதிகலன் அறையில் வைத்து, கப்பல்களை மிதக்கவிட்டார். மூன்றாம் கப்பல் நீரில் இறங்கிய வாரத்தில் சிப்பாய்கள் தாமாகவே காவல் முறை வகுத்துக்கொண்டனர். தொட்டியில் காலையும் மாலையும் கடலில்போல ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியது. நீர் நாளடைவில் உப்பானது. சூரா அதில் முட்டைக்கோஸ் ஊறப்போட்டாள், ஊறுகாய் நன்றாகவே வந்தது. அவளுக்கு இருந்த குறை வேறு.

“தம்பி, என் டீ வடிகட்டி எங்கடா?”

“ரேடாருக்குப் போயிருக்கு அக்கா.”

“சரி. நாளைக்கு உன் டீயில இலை மிதந்தா எதிரிக் கப்பல்னு நினைச்சுக்கோ.”

வெண்ணெய் ஒதுக்கப்பட்ட அன்று மம்பெத்குல் தம் படைக்கு விளக்கம் அளித்தார். தரையில் பணி இரண்டு ஆண்டு, கப்பலில் மூன்று ஆண்டு. அவரே பசிபிக் கடற்படையில் மூன்று ஆண்டு இருந்தவர். அதில் பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே உருளைக்கிழங்கு தோல் சீவுவதில் கழிந்ததால் கடலை அதிகம் பார்த்ததில்லை என்றாலும், கணக்கு கணக்குதான். துப்பாக்கி முனை ஒடிந்த சார்ஜென்ட் முதற்கப்பலின் தளத்திலிருந்து பதில் சொன்னான்.

“தோழர் தளபதி, எங்களை வார்த்ததே காலாட்படையாத்தான். மேல்கோட்டைப் பாருங்க, பூட்ஸைப் பாருங்க. ரெண்டு வருஷம்.”

“நிக்கிறது கப்பல்ல. கப்பல்னா மூணு.”

“ஏறச் சொன்னது நீங்க.”

பிழை மம்பெத்குலுடையதே. கப்பலேற்றிய அன்றே அவர்களுக்குக் கோடு போட்ட சட்டை தீட்டி, கடற்படையினராக மாற்றியிருக்க வேண்டும். கடையில் நீலச் சாயம் இல்லாததால் அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். ஜனவரியில் அவர் சார்ஜென்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆளெடுப்பு அலுவலகத்தின் மேஜர் ஷெர்தாலியைப் பார்க்கப் போனார். அம்மாதம் மேஜருக்கு வேலை அதிகம். சிப்பாயை மேசைமேல் நிறுத்தி ஒருமுறை பார்த்தார்.

“உயரம்?”

“அஞ்சரை சென்டிமீட்டர்.”

“பாதம் தட்டையா?”

“பாதமே இல்லை, தோழர் மேஜர். பீடத்தோட சேர்ந்து வார்த்திருக்கு.”

“அப்போ இவங்களைச் சேர்த்ததே தப்புண்ணே. சரி, சேர்த்தாச்சு.” மேஜர் பேனாவை மூடினார். “ரெண்டா மூணான்னு பிரிவுத் தளபதி, அதாவது நீங்கதான், முடிவு பண்ணணும். எழுதி, கையெழுத்துப் போட்டு, அவங்க கையில கொடுக்கணும். வாயால சொன்னா செல்லாது.”

“மூணுன்னு எழுதினா?”

“மூணுதான். மேல இருந்து யாரும் கேட்கப்போறதில்ல.” பிறகு, “குளிர்காலத்துல அங்க வேற யாருண்ணே இருக்கா?” என்றார்.

“சூரா அக்கா. ஞாயித்துக்கிழமை அவங்களும் மகள் வீட்டுக்குப் போயிடுவாங்க.”

மேஜர் சார்ஜென்டை எடுத்துக் கைக்குட்டையில் தாமே சுற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி முழுவதும் மம்பெத்குல் எதையும் எழுதவில்லை. சிப்பாய்கள் முணுமுணுக்கவில்லை. காவல் தவறவில்லை, ஒருவர் பொத்தானை ஒருவர் கம்பளித் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டனர், ஞாயிற்றுக்கிழமைகளில், சூரா இல்லாத வேளையில், வழக்கம்போல அவரோடு சீட்டாடினர், தேவையானபோது தோற்கவும் செய்தனர். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: புரூன்ஸே முகவரி. விடுவிக்கப்பட்ட சிப்பாய் தன்னைப் படைக்கு அனுப்பிய வீட்டுக்கே திரும்ப வேண்டும்; அவர்களை அனுப்பிய வீடு இஸ்காக்கின் கை. முகவரி மம்பெத்குலுக்கு மனப்பாடம். அந்த முகவரிக்கு அவர் தொடங்கிய கடிதம் எதுவும் இரண்டாம் வரியைத் தாண்டியதில்லை. தகரத்தால் ஆன பதினேழு பேர் தம் மகனின் உள்ளங்கையில் நிற்பார்கள், தாம் இங்கே குழாய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம் என்ற நினைப்பு அவரை ஒரு வாரம் சரியாகக் கரி அள்ளவிடவில்லை. ஓய்வில்லம் அவ்வாரம் சற்றுக் குளிர்ந்தே கிடந்தது.

மார்ச் இறுதியில் ஒரு காலை, வானொலி விடுவிப்பு ஆணையை வாசித்தது. மூன்று கப்பல்களின் தளங்களிலும் சிப்பாய்கள் வரிசையில் நின்று கேட்டனர். அவ்வேளை தொட்டியில் ஓதம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சூரா புரூன்ஸே போகும் பேருந்தின் ஓட்டுநரிடம் முந்தைய நாளே பேசிவைத்திருந்தாள். பதினேழு பேர் என்றதும் அவன் முதலில் மறுத்தான், நின்றுகொண்டே வருவார்கள் என்றதும் ஒத்துக்கொண்டான். வழிக்கு ரொட்டியும் நறுக்கிவிட்டாள். மம்பெத்குல் இன்னும் எழுதியிருக்கவில்லை.

“மூணுன்னு போடலாம்னு இருக்கேன்” என்றார்.

“போடு. அடுத்த டிசம்பர்லயும் இதே மாதிரி உக்காந்திருப்ப. அப்ப என்ன பண்ணுவ?”

“அப்ப பார்த்துக்கலாம் அக்கா.”

“பையன்கிட்டயும் அதைத்தானே சொன்ன” என்றாள் சூரா. சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும்; கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மம்பெத்குல் கொதிகலனுக்குக் கரி போட்டார். அழுத்தமானியைப் பார்த்தார். பிறகு தேயிலைத் தாளில் விரலகலத் துண்டு ஒன்றைக் கத்தரித்து, கூர்தீட்டிய பென்சிலால் எழுதினார்: கப்பல்களில் நின்றாலும் இவர்கள் காலாட்படையினர், பணிக்காலம் இரண்டு ஆண்டு, குறைவின்றி முடித்தனர், விடுவிக்கப்படுகின்றனர். அதன்கீழே முகவரியை முழுமையாக எழுதினார், வீட்டு எண்ணும் மாடியும் உட்பட. பென்சிலில் போட்ட கையெழுத்து செல்லாது என்பது நினைவுக்கு வரவே, பேனாவைத் தேடினார். தீராத ரீஃபில் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. மூன்றாம் கப்பலின் பின்பக்கப் பீரங்கியைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அதில் கொஞ்சம் மை இருந்தது. அதைக் கொண்டு கையெழுத்திட்டார்.

சார்ஜென்ட் தொட்டியின் விளிம்பில் நின்று தாளை இரு கைகளாலும் வாங்கி, இரண்டு முறை வாசித்தான்.

“தேதி போடலையே, தோழர் தளபதி.”

மம்பெத்குல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே பேருந்து ஒருமுறை ஒலி எழுப்பியது. அவர் அன்றைய தேதியைப் போட்டு, மை காயும்வரை ஊதி, தாளை மீண்டும் சார்ஜென்டிடம் கொடுத்தார்.