நொல்பெர்த்தோ கடலில் இறங்காத பத்தொன்பது நாட்கள்

சிலோயே என்ற பெரிய தீவின் பக்கத்துச் சின்னத் தீவுகளுக்கு மருத்துவப் படகு பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். பள்ளிக்கூடத்தை ஒட்டிய மரவீட்டில் நர்ஸ் ஒதூலியா மேசையைப் போட்டு உட்கார்ந்தால், கடல் வற்றிப் படகு தரைதட்டுவதற்குள் முப்பது பேரைப் பார்த்து முடித்துக் கிளம்பியாக வேண்டும். அதனால் அவள் வேகமாகக் கேள்வி கேட்டுப் பழகியிருந்தாள்.

அந்த ஜூலையில் நொல்பெர்த்தோ மான்சில்யா மூன்றாவது முறையாக வந்து நின்றார். வயது நாற்பத்து நான்கு. படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசரின் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கடலடியில் சிப்பி எடுக்கிறவர். நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது. மூன்று முறையும் இதே புகார்தான். முதல் தடவை வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பியவள் ஒதூலியாதான். இரண்டாம் தடவை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இ.சி.ஜி., எக்ஸ்ரே, தைராய்டு எல்லாம் சரி என்று காகிதம் வந்திருந்தது.

கூடவே அவர் மனைவி எதுவீனாவும் வந்திருந்தாள்.

ஒதூலியா நாடி பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். மூட்டு வலி உண்டா, குடி எவ்வளவு, மாத்தே டீ எத்தனை தடவை என்று கேட்டாள். பிறகு அச்சிட்ட தாளை எடுத்தாள். பதற்றத்தை அளப்பதற்கான ஏழு கேள்விகள்.

"போன ரெண்டு வாரத்துல, மனசு நிலைகொள்ளாம எத்தனை நாள் இருந்தீங்கண்ணே?"

"ஒரு நாளும் இல்ல."

"கவலைய நிறுத்த முடியாம?"

"இல்ல சிஸ்டர்."

ஏழுக்கும் 'இல்லை'தான். எதுவீனா சிரித்துவிட்டாள். "ஆமா, ராசா மாதிரி தூங்குறாரு! உக்காந்துக்கிட்டே. கதவையும் தொறந்து போட்டுட்டு."

"நீ வாய மூடுறியா?"

பூஜ்யம் என்று தாளில் எழுதப்போன ஒதூலியா, அவருடைய முழங்காலைப் பார்த்தாள். தையல் மிஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. பேனாவை மூடினாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய இருங்க."

எதுவீனா முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். ஒதூலியா தாளை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"கடைசியா எப்ப முங்குனீங்க?"

"பத்தொம்பது நாள் ஆச்சு. கம்ப்ரசர் பெல்ட் போயிருச்சு."

"வேற பெல்ட் கிடைக்கலையா?"

அவருக்கு நெற்றி வேர்த்தது. மூச்சு மேலே மேலே ஏறியது. "இந்தா... வந்துருச்சு சிஸ்டர். செத்துருவேன்."

ஒதூலியா எழுந்து ஓடவில்லை. நாடியைப் பிடித்தாள். நூற்று இருபத்தெட்டு. உதட்டில் நீலம் இல்லை, வலி கைக்கு இறங்கவில்லை. விரல்நுனிக் கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு என்றது.

"நான் எங்கயும் போகல. இது ஏறும், அப்புறம் இறங்கும். மெதுவா வெளிய ஊதுங்க. இன்னும் மெதுவா. காலு தரைய அழுத்தட்டும்."

வெளியே வரிசையில் யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் திரும்பவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் நாடி தொண்ணூறுக்கு வந்தது.

நொல்பெர்த்தோ சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெல்ட் தானா போகல. நான்தான் அறுத்துக் கடல்ல போட்டேன்."

"ஏன்?"

"ஜூன் மொத வாரத்துல ஒரு நாள். பதினஞ்சு மீட்டர்ல இருந்தேன். காத்து ஒழுங்கா வருது, தண்ணி தெளிவா இருக்கு. சும்மா இருக்கும்போதே செத்துட்டேன்னு தோணுச்சு. மேல ஓடி வந்துட்டேன். அப்புறம் எறங்குறப்பல்லாம் அதே பயம், கடைசில பெல்ட்ட அறுத்துட்டேன். ஏதாச்சும் நடந்திருந்தாலாவது சொல்லலாம். ஒண்ணுமே நடக்கல சிஸ்டர். அதத்தான் வெளிய சொல்ல முடியல."

"அதுக்கப்புறம் எங்கெல்லாம் போறத விட்டீங்க?"

அவர் விரல் மடக்கினார். படகு அறை. கோயில். சாத்திய கதவு இருக்கிற எந்த இடமும். அவள் எழுதிக்கொண்டாள். வீட்டில் இப்படி யாருக்காவது இருந்ததா என்றாள். சித்தப்பா ஒருவர் வீட்டைவிட்டே வெளியே வரமாட்டார் என்றார். கடைசியாகக் கேட்டாள்: "உயிர விட்டுரலாம்னு எப்பவாச்சும் நினைச்சீங்களா?"

"சாவுக்குப் பயந்துதான சிஸ்டர் இங்க வந்து உக்காந்திருக்கேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இன்னொரு முறை, வேறு விதமாக, அதே கேள்வியைக் கேட்டாள். இல்லை என்றார். அதையும் எழுதினாள்.

"இதுக்குப் 'பேனிக் அட்டாக்'னு ஒரு பேரு இருக்குண்ணே. உங்க நெஞ்சுல ஓட்டை ஒண்ணும் இல்ல. ஆபத்து இல்லாத நேரத்துல உடம்பு ஓடத் தயாராகுது. வைத்தியம் இருக்கு. முத தடவையே நான் கேட்டிருக்கணும். கேக்கல."

ஏழு கேள்விகளையும் மறுபடி கேட்டபோது கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்குப் பதினேழு வந்தது. நகரத்து மனநல மையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். எதுவீனாவிடம் எதை, எவ்வளவு சொல்வது என்பதை அவரிடமே விட்டாள்.

மையத்துக்குப் போகவேண்டிய முதல் வியாழன் அவர் போகவில்லை. நகரத்துக்குப் போகும் படகின் அறைக் கதவைச் சாத்தியதும் இறங்கிவிட்டார். அடுத்த வியாழன், மழையில் மேல்தட்டிலேயே உட்கார்ந்து போனார். எதுவீனாவும் நனைந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வழி நெடுகத் திட்டியபடி.

அக்டோபரில் அவர் புது பெல்ட் மாட்டிய தன் படகில் ஏறி, முங்கப் போகும் கூட்டாளிக்குக் குழாய் பிடித்துக் கொடுக்கும் வேலையைப் பார்த்தார். டிசம்பரில் நான்கு மீட்டர் இறங்கினார். பிறகு ஆறு. அதற்குக் கீழே போவதில்லை. ஆழத்துச் சிப்பியெல்லாம் கூட்டாளிக்குத்தான். ஊரில் சிலர் கேலி செய்தார்கள். கேலி கேட்ட அன்றைக்கு ராத்திரி அவர் தூங்குவதில்லை என்றும், மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார் என்றும் எதுவீனா ஒதூலியாவிடம் சொன்னாள்.