ஒற்றைக்கால் பரீட்சை

"நொண்டி அடிடி!"

ஜோதிலட்சுமி போட்ட சத்தத்தில் குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வயது தாரணி ஒற்றைக் காலில் வாசலிலிருந்து குழாய் வரை குதித்துப் போய், அதே காலில் திரும்பி வந்தாள்.

"அப்புறம் ஸ்கூல்ல ஏன்டி மரம் மாதிரி நின்ன?"

"சார் இங்கிலீஷ்ல இன்னாவோ சொன்னாரும்மா. இன்னா பண்ணணும்னே புரியல."

ஜோதிலட்சுமி கோவிலம்பாக்கம் ரோட்டோரம் மீன் விற்று, இந்த வருஷம்தான் பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்த்தாள். உடல்திறன் சோதனையில் அவள் நொண்டி அடிக்காததால், 'கால் வளர்ச்சி போதாது' என்று சொல்லிவிட்டார்கள். திங்கள் முதல் தாரணிக்குத் தனி வகுப்பு, பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில். பி.டி. மாஸ்டர் சக்திவேல் காரணமும் சொல்லியிருந்தான்: "மீன்காரங்க புள்ளைங்களே கொஞ்சம் மந்தம்தாம்மா."

"வுடுமே, பேஜாரு," என்றான் கணவன் கோபு.

"மந்தம்னு சொன்ன வாய மூட வெக்கல, நான் ஜோதி இல்ல!"

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மேடையில் மைக்கைப் பிடித்தபடி தாளாளர் பொன்னுரங்கம். அங்கே எழும்பியிருக்கும் பிளாட்டுகளில் பாதி ஒருகாலத்தில் அவர் குடும்பத்து வயல். பக்கத்தில் பேத்தி சஹானா, அதே சோதனையில் முதலாவதாக வந்த பதக்கத்தோடு.

ஜோதிலட்சுமி விறுவிறுவென்று முன்னால் போனாள். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"கண்ணு, எங்க, நொண்டி அடிச்சிக் காட்டு!" என்றாள் சஹானாவைப் பார்த்து.

சஹானா விழித்தாள். "வாட், தாத்தா?"

"நொண்டி, கண்ணு. நொண்டி!" என்றாள் ஜோதிலட்சுமி மறுபடி.

குழந்தை அசையவில்லை. உதடு பிதுங்கியது. ஜோதிலட்சுமிக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அய்யய்யோ மாஸ்டர், இந்தப் பாப்பாவுக்கும் காலு வளரல போல கீதே! பெரிய வூட்டுப் புள்ளைங்களே கொஞ்சம் மந்தமோ? கொட்டாயில இன்னொரு பாய் போடுங்க!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார்.

"யாரைப் பாத்து மந்தங்கற? என் பேத்தி காலு நல்லாத்தான் இருக்கு! நீ சொன்ன வார்த்தை அவளுக்குப் புரியல, அவ்ளோதான்!"

கையிலிருந்த மைக் அதைக் கூடம் முழுக்க எதிரொலிக்கச் செய்தது. சக்திவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதையேதான் சார் என் பொண்ணுக்கும் எழுதிக் குடுங்கன்னு கேக்கறேன்," என்றாள் ஜோதிலட்சுமி. "இங்கிலீஷ்லயே எழுதுங்க."