பறக்கும் டாக்சிக்கு ஒரு முழங்கால்

என்னைத் தலைவியாக்கியதற்கு என் திறமை காரணமில்லை. என் அண்ணனைத் தலைவராக்கினால் என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கே வரமாட்டார். வீட்டுக்காரரை ஆக்கினால் அண்ணன் வரமாட்டார். மிச்சம் இருந்தது நான். எங்கள் தெருப் பட்டறைகள் ஒன்றுகூடி ஆரம்பித்த கிளஸ்டரை இப்படித்தான் என் தலையில் கட்டினார்கள்.

கிளஸ்டர் என்றதும் மிரள வேண்டாம். பறக்கும் டாக்சி தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு வேண்டிய பாகங்களை, ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பதிலாக, எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் ஆளுக்கொன்றாகச் செய்து கோத்துக் கொடுப்பதுதான் அது. தனி ஆள் வாங்க முடியாத சோதனை இயந்திரத்தை எல்லோரும் சேர்ந்து வாங்கித் தெருக்கோடிக் கூடத்தில் வைத்திருந்தோம். அந்தக் கூடத்தின் சாவி என்னிடம்தான் இருக்கும். தலைவி பதவியில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அது.

எங்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை. என்னுடையது ரப்பர் பட்டறை. பெட்ரோல் வண்டி இன்ஜின்களில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் செய்தே வளர்ந்தது. வண்டிகள் பேட்டரிக்கு மாற மாற என் ஆர்டர் சுண்டிக்கொண்டே வந்தது. வீட்டுக்காரரின் கிரைண்டிங் பட்டறைக்கும் அண்ணனின் போரிங் பட்டறைக்கும் அதே கதைதான். அவர்களாவது பழைய மெஷினை விற்றுவிட்டு உட்காரலாம். என் பட்டறையில் இருக்கும் பெண்கள் எங்கே போவார்கள்? இந்த டாக்சி ஆர்டர் கிடைத்தால் அடுப்பு எரியும், கிடைக்காவிட்டால் நான் பூட்டுப் போட வேண்டியதுதான். எனக்கு ராத்திரியில் தூக்கமே சரியாக வருவதில்லை.

அண்ணனும் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் ஒரே பட்டறையில் கூட்டாளிகள். ஒரு மெஷினை வாங்கலாமா வேண்டாமா என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, நடுவில் சுவர் எழும்பியது. வீட்டில் பார்த்துக்கொண்டால் 'வாங்க மச்சான்', 'என்ன மாப்பிள்ள' என்று தேனாக ஒழுகும். பட்டறை விஷயத்தில் இருவரும் எதிரும் புதிரும். ஒருவர் பட்டறை வாசலை மற்றவர் மிதித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. டிராயிங்கைக்கூட என் வழியாகத்தான் கேட்டு வாங்குவார்கள், பக்கத்துப் பட்டறைக்குத் தபால்காரியாக ஓடுவது நான்.

கம்பெனி எங்களிடம் முதலில் கேட்டது டாக்சியின் காலுக்கு ஒரு மூட்டு. வண்டி தரையில் இறங்கும்போது நம் முழங்கால் மடங்குவதுபோல அந்தக் கால் லேசாக மடங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும். அண்ணன் இரும்புக் கட்டையில் ஓட்டை போடுவார். அதற்குள் வளையல் மாதிரி என் ரப்பர் புஷ் உட்காரும். அந்தப் புஷ்ஷுக்குள் வீட்டுக்காரர் தேய்த்துத் தரும் உருண்டைக் கம்பி, அதாவது பின், நுழையும். மூன்று பேர் வேலை, ஒரு மூட்டு.

சோதனை நாளன்று கம்பெனியிலிருந்து பொறியாளர் வந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம், பையில் எப்போதும் பிஸ்கட். வந்ததும் மூன்று பொருளையும் தனித்தனியாக அளந்தாள்.

"எல்லாமே டிராயிங் அளவுக்குள்ள இருக்கு. சூப்பர்" என்றாள்.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துப் புன்னகைத்தார். மூட்டைக் கோத்து, காலில் எடையைக் கட்டி, சோதனை இயந்திரத்தால் ஆள் உயரத்துக்குத் தூக்கி இரும்புத் தகட்டின்மேல் விட்டோம். லொடக் என்றது. கையால் ஆட்டிப் பார்த்தால் விழப்போகும் பல்லைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.



"ஓட்டை பெருசா இருந்தா என் பின்னு என்ன பண்ணும்?" என்றார் வீட்டுக்காரர், என்னைப் பார்த்து.

"பின்னு நோஞ்சானா இருந்தா என் ஓட்டை என்ன பண்ணும்னு கேளும்மா" என்றார் அண்ணன், அவரும் என்னைப் பார்த்தே.

பொறியாளர் பிஸ்கட்டைக் கடித்தபடி அளவுகளை மறுபடி பார்த்தாள். டிராயிங்கில் ஒவ்வொரு பொருளுக்கும் முடியளவு கூடலாம், முடியளவு குறையலாம் என்று இடம் கொடுத்திருப்பார்கள். மூவரும் அந்த இடத்துக்குள்தான் இருந்தோம். ஆனால் ஓட்டை உச்சபட்சப் பெரிது. பின் உச்சபட்ச ஒல்லி. புஷ் உச்சபட்ச மெலிசு.

"அளவு நடுவுல வரும்னு நம்பிப் போட்ட டிராயிங் இது. நானும் கொஞ்சம் ஏமாந்துட்டேன். ஆனா மூணு பேரும் எப்படி ஒரே பக்கமா போனீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் நானும் அதையே செய்திருந்தேன். மாப்பிள்ளை பின்னை எப்படியும் தடியாகத்தான் கொண்டுவருவார், நுழையாவிட்டால் பழி நம்மேல் வரும் என்று அண்ணன் ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார். மச்சான் ஓட்டையை எப்படியும் இறுக்கமாகத்தான் போடுவார் என்று வீட்டுக்காரர் பின்னை ஒல்லியாக்கியிருந்தார். இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்த நான், எதற்கு வம்பு என்று புஷ்ஷை மெலிசாக்கியிருந்தேன். ஒருத்தர்மேல் ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லாததை இவ்வளவு துல்லியமாக அளந்து காட்டிய இயந்திரத்தை எங்கள் காசிலேயே வாங்கியிருக்கிறோம் என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். இன்னொரு செட் பண்ண முடியுமா? இன்னைக்கு ஓகே ஆகலைன்னா பெரிய ஃபேக்டரிக்கே குடுத்துரலாம்னு எங்க ஆபீஸ்ல பேசிட்டிருக்காங்க" என்றாள் அவள். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள்.

ஆளுக்கொரு திசையில் போனோம். போகும்போது ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அங்கேதான் மறுபடி கோட்டை விட்டோம்.

மத்தியானம் புதுச் செட்டோடு வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் ஒரு பெரிய மனுஷத்தனம். கோத்தோம். வீட்டுக்காரரின் புதுப் பின் உள்ளே போகவே அடம்பிடித்தது. தட்டித் தட்டி இறக்கினால் மூட்டு மடங்க மறுத்தது. காலையில் ஆடிய கால் இப்போது விறைத்துக்கொண்டு நின்றது. மேலிருந்து விட்டதும் தகட்டில் மோதி எகிறிக் குதித்தது.

"இந்த டாக்சியில உட்காந்து போறவங்க முதுகு என்ன ஆகும்?" என்றாள் பொறியாளர்.

நடந்தது இதுதான். 'போகட்டும், நாமே விட்டுக்கொடுப்போம்' என்று வீட்டுக்காரர் பின்னைத் தடியாக்கியிருந்தார். 'சின்னவர்தானே, நாமே இறங்கிப் போவோம்' என்று அண்ணன் ஓட்டையைச் சிறிதாக்கியிருந்தார். நானும் தலைவியின் பெருந்தன்மையோடு புஷ்ஷைத் தடிப்பாக்கியிருந்தேன். காலையில் சந்தேகத்தால் கெட்டது, மத்தியானம் தியாகத்தால் கெட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தலைவி என்ற மரியாதையெல்லாம் பார்க்கவில்லை.

"சண்டை போட்டாலும் சொல்லாம போடறீங்க, விட்டுக் குடுத்தாலும் சொல்லாம குடுக்கறீங்க. உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கு என் பட்டறைப் பொண்ணுங்க வீட்ல உக்காரணுமா? அண்ணே, உன் ஓட்டை எவ்வளவுன்னு அவர்கிட்ட நீயே சொல்லு. நான் இனிமே தபால் கொண்டு போக மாட்டேன்" என்றேன்.

அண்ணன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர் மூட்டிலிருந்து பின்னைத் தட்டி வெளியே எடுத்தார்.

நல்லவேளையாக இந்த முறை பிழை திருத்தக்கூடியதாக இருந்தது. தடித்த பின்னைத் தேய்க்கலாம், சின்ன ஓட்டையைப் பெரிதாக்கலாம். காலையில் என்றால் வழித்தெடுத்த இரும்பை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. வீட்டுக்காரர் பின்னைத் துணியில் சுற்றிக்கொண்டு அண்ணன் பட்டறை வாசல்வரை போனார். அங்கேயே நின்றார்.

"உள்ள வாங்க மாப்பிள்ள. வாசல்ல நின்னா அளவு தெரியுமா?" என்றார் அண்ணன்.

"செருப்பு கழட்டணுமா மச்சான்?"

"இது என்ன பூஜை ரூமா? வாங்க."

முதலில் அளவுக் கருவியில் சந்தேகம் வந்தது. வீட்டுக்காரரின் மைக்ரோமீட்டரை அண்ணன் நம்பவில்லை, அண்ணனுடையதை வீட்டுக்காரர் நம்பவில்லை. ஒரே பின்னை இரண்டாலும் அளந்தார்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. இரண்டு பேருக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு அண்ணன் ஓட்டையை நடு அளவுக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு எடுக்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எடுத்தார். வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "போதும் மச்சான், இன்னும் எடுத்தா வருத்தப்படுவீங்க" என்றார். அந்த ஓட்டையில் என் புஷ்களில் நடுத்தரமானதை நான் உட்காரவைத்தேன். புஷ்ஷின் உள்ளளவை எடுத்த பிறகுதான் பின்னைத் தேய்க்கப் போனார்கள். ஆமாம், இருவரும். அண்ணன் சுவரைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளையின் பட்டறைக்குள் நுழைந்து, கிரைண்டிங் மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நின்றவர் சும்மா நின்றாரா, "தண்ணி கொஞ்சம் கூட விடுங்க, சூடேறினா அளவு மாறும்" என்று யோசனை வேறு. வழக்கமாக இதற்கு வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இன்றைக்குத் தண்ணீரைக் கூட்டினார்.

கூடத்துக்குத் திரும்பி மறுபடி கோத்தோம். இந்தத் தடவை அந்தப் பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காலைத் தூக்கி விட்டோம். தகட்டில் பட்டதும் லேசாக மடங்கி, நிமிர்ந்து, அசையாமல் நின்றது. ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. பொறியாளர் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தாள், கடைசியில் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"மூட்டு ஓகே. ஆபீஸ்ல ஒரு கேள்வி கேப்பாங்க. பெரிய ஃபேக்டரின்னா ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிட ஒரே நம்பர் இருக்கும். நாளைக்கு ஆளுங்க உட்காந்து பறக்கப் போற வண்டி இது. மூட்டுல பிரச்சினைன்னா நான் உங்கள்ல யாரைக் கூப்பிடணும்? நீங்க ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினா இந்த ஆர்டரை என்னால வாங்கித் தர முடியாது" என்றாள்.

தலைவி நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

"என்னைக் கூப்பிடும்மா."

"ஓட்டைல பிரச்சினைன்னா உங்களை. பின்னுல வந்தா?"

"பின்னுல வந்தாலும் என்னைத்தான். அதைத் தேய்க்கும்போது நான் பக்கத்துல நின்னேன்."

வீட்டுக்காரர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பல வருஷமாக நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடிச் சேர்க்க முடியாததை அந்த ஒரு பதில் சேர்த்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

"மச்சான் மெஷின் ஓடறப்ப ஃபோன் எடுக்க மாட்டார். என் நம்பரையும் போட்டுக்கோங்க. ஓட்டைல பிரச்சினைன்னாலும் பரவாயில்ல" என்றார் வீட்டுக்காரர்.

"ரப்பரை விட்டுட்டீங்களே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு என் நம்பரையும் சொன்னேன்.

பொறியாளர் மூன்று நம்பரையும் கேட்டு வாங்கி, தன் ஃபோனில் ஒரே பெயரின் கீழ் பதிந்துகொண்டாள்.